14.5 அங்குல பேரல், ஒன்றே முக்கால் அங்குல மூக்கு: கூட்டினால் 16 வருமா?

கேள்வி, நவம்பர் 2, 2025

டல்லாஸ் பக்கம் இருக்கிறேன், கிரீன் கார்டு வந்து இரண்டு வருடம். பழைய ஏ.ஆர்-15 ரைஃபிள் ஒன்று விலைக்கு வருகிறது. பேரல், அதாவது குழல், 14.5 அங்குலம்தான், ஆனால் முனையில் தீப்பிழம்பை மறைக்கும் ஃபிளாஷ் ஹைடர் மாட்டியிருப்பதால் 16-ஐத் தாண்டிவிடும், சட்டப்படி சரி என்கிறார் விற்பவர். திருகி மாட்டுகிற சாமானைக்கூடவா பேரல் கணக்கில் சேர்ப்பார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நவம்பர் 2, இரவு

திருகியது சேராது. கழற்ற முடியாதபடி பொருத்தியது சேரும். பதில் இவ்வளவுதான், மிச்ச வம்பெல்லாம் அந்தக் "கழற்ற முடியாதபடி"க்குள் இருக்கிறது.

என்.எஃப்.ஏ. (தேசியத் துப்பாக்கிச் சட்டம்) என்று சொல்லும் 1934-ஆம் வருட மத்தியச் சட்டம் ஆரம்பத்திலிருந்தே ரைஃபிள் பேரலுக்கு 16 அங்குலம் என்று கோடு போட்டிருக்கிறது. மொத்தத் துப்பாக்கிக்கு 26 அங்குலம். ஷாட்கன் என்றால் பேரல் 18. இதற்குக் குறைந்தால் வைத்திருக்கவே கூடாது என்பதில்லை. மாநிலச் சட்டமும் இடம் கொடுத்தால், முன்கூட்டியே விண்ணப்பித்து, கைரேகையும் போட்டோவும் கொடுத்து, 200 டாலர் வரி கட்டி, அனுமதி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். பதிவு இல்லாமல் வைத்திருந்தால் 10 வருடம் வரை உள்ளே.

நிரந்தரம் என்று ஏ.டி.எஃப். (துப்பாக்கிகளைக் கவனிக்கும் மத்திய அரசுத் துறை) ஏற்பது மூன்றை. சுற்றிலும் முழு வெல்டிங், 1,100 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உருகும் வெள்ளிப் பற்றாசு, இல்லையென்றால் பக்கவாட்டில் துளை போட்டு "பின்" என்கிற சின்ன ஆணியை இறக்கி அந்தப் பின்னின் தலையை வெல்டிங்கால் மூடுவது. கடையில் எல்லாரும் செய்வது மூன்றாவது. எவ்வளவு பெரிய பசையாக இருந்தாலும் பசை கணக்கில் வராது. அதனால் விற்பவரிடம் "மாட்டியிருக்கிறதா" என்று கேட்காதீர்கள், "பின் அடித்து வெல்டிங் வைத்திருக்கிறதா, யார் வைத்தது, பில் இருக்கிறதா" என்று கேளுங்கள்.

நவம்பர் 3

ஒன்று விட்டுப்போனது. சாதாரண ஏ2 ஃபிளாஷ் ஹைடர், பறவைக்கூடு மாதிரி இருக்குமே, அதன் நீளம் ஒன்றே முக்கால் அங்குலம். 14.5-உடன் கூட்டினால் 16.25 என்று காகிதத்தில் வரும். விற்பவரும் அப்படித்தான் கூட்டியிருப்பார். ஆனால் அதில் அரை அங்குலத்துக்கு மேல் பேரலின் திருகின்மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது, வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் கணக்கு. உண்மையில் 15.6 பக்கம்தான் வரும். வெல்டிங் வைத்தாலும் குட்டை குட்டைதான். 14.5-க்கு என்றே கொஞ்சம் நீட்டிச் செய்த உருப்படிகள் தனியாக விற்கிறார்கள், அதுதான் வேண்டும்.

பேரல் 14.5 என்று ஏன் எல்லாருக்கும் ஆசை என்றால், ராணுவத்தின் எம்4-க்கு அந்த அளவு. வேறு பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 4

அளப்பது எப்படி என்று தனியாக ஒருவர் கேட்டார். நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன், சிரித்துவிட்டுப் போங்கள்.

என்னுடையதும் 14.5தான், மூன்று வருடத்துக்கு முன் இங்கே ஹூஸ்டனில் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. வாங்கிய அன்று இரவு, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, பேரலின் பின்வாயான சேம்பரில் தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, தையல் டேப்பை எடுத்து வெளியே அளந்தேன். பேரல் பொருந்துகிற நடு உடம்பான ரிசீவரின் முகத்திலிருந்து முனை வரை 15 அங்குலமும் ஏதோ கொசுறும். உள்ளங்கை வியர்த்துவிட்டது. பேரலின் பின்முனை ரிசீவருக்குள்ளே அரை அங்குலம் சொச்சம் போகிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

பிறகு படித்துப் பார்த்தால், முனை வழியாக ஒரு குச்சியை விட்டு அளக்க வேண்டுமாம். மிளகாய்ச் செடிக்கு முட்டுக் கொடுத்திருந்த உருட்டுக் குச்சியைப் பிடுங்கி, மண்ணைத் துடைத்துவிட்டு உள்ளே விட்டேன். 19-க்கு மேல் காட்டியது. ஆகா என்று நிம்மதியாகப் படுத்தவன், பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தேன்: பேரலின் பின்வாயை அடைக்கும் போல்ட் பின்னால் இழுத்துப் பூட்டியபடி இருந்தது, குச்சி பேரலையும் தாண்டி ரிசீவருக்குள் போய் நின்றிருக்கிறது.

மூன்றாவது தடவைதான் சரியாகச் செய்தேன். போல்ட்டை மூடி, குச்சி அதன் முகத்தில் தட்டுகிற வரை விட்டு, முனையோடு ஒட்டிப் பென்சிலால் கோடு போட்டு, வெளியே எடுத்துச் சமையல் மேடையில் வைத்து அளந்தால் 16-உம் அதற்கு மேல் ஒரு நூல் பாதியும். ஏ.டி.எஃப். அளப்பதும் இதே முறைதான், அவர்கள் குச்சியில் மண் இருக்காது.

நவம்பர் 6

என் முதல் குறிப்பில் பிழை. "ஆரம்பத்திலிருந்தே 16" என்று எழுதியது தவறு. 1934-ல் ரைஃபிளுக்கும் ஷாட்கன்னுக்கும் ஒரே அளவு, 18. 1936-ல் .22 ரைஃபிளுக்கு மட்டும் 16 என்று தளர்த்தினார்கள். எல்லா ரைஃபிளுக்கும் 16 ஆனது 1960-ல். அரசாங்கமே பொதுமக்களுக்கு விற்ற எம்1 கார்பைன் என்ற ராணுவ ரைஃபிளின் பேரல் 18-க்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, அதனால்தான் மாற்றினார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். அளந்து பார்க்காமல் விற்றது அரசாங்கம், அப்புறம் கோட்டை நகர்த்தியதும் அரசாங்கம். நாம் நகர்த்த முடியுமா?

நவம்பர் 7

"பிஸ்டலை இடுப்பில் சொருகிக்கொண்டு போகலாம், 15 அங்குல ரைஃபிளை வைத்திருந்தால் ஜெயிலா?" என்று ஆஸ்டின் நண்பர் பொங்கியிருக்கிறார். நியாயமான பொங்கல்.

1934-ல் மசோதாவைக் கொண்டுவந்தபோது பிஸ்டல், ரிவால்வர் எல்லாமும் பட்டியலில் இருந்தன. மறைத்து எடுத்துப் போகக்கூடிய கைத்துப்பாக்கிதான் இலக்கு. அதைத் தடுத்தால், ஆட்கள் ரைஃபிளை வாங்கி அறுத்துக் கைத்துப்பாக்கி ஆக்கிக்கொள்வார்கள், ஆகவே குட்டை ரைஃபிளையும் சேர். இது புரிகிறது. பிறகு எதிர்ப்பு வந்து, கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்கள். அறுத்த ரைஃபிளைத் தூக்க மறந்தார்களோ, வேண்டாம் என்று விட்டார்களோ, அது அப்படியே நின்றுவிட்டது. ஆட்டை விற்றுவிட்டு வேலிக்கு 90 வருடமாகக் காவல் காக்கிறோம். நீளத்தை வைத்து ஆபத்தை அளக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இந்தச் சட்டத்தைப் படித்தால் தலை சுற்றும். போன ஆட்டை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால்தான் ஓரளவு பிடிபடும்.

அன்றைய 200 டாலர் இன்றைய மதிப்பில் 4,500-க்கு மேல். வரி என்று பெயர், நோக்கம் விரட்டுவது.

நவம்பர் 7, மறுபடி

ரூபி ரிட்ஜ் பற்றி ஒருவர் "கால் அங்குலம் குறைந்ததற்காக ஒரு குடும்பத்தையே சுட்டார்கள்" என்று எழுதியிருக்கிறார். நானும் பல வருடம் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கால் அங்குலம் இல்லை. 1989-ல் ராண்டி வீவர் அரசின் உளவாளிக்கு விற்றது அறுத்த ஷாட்கன்கள் இரண்டு, பேரல் 13 அங்குலத்தை ஒட்டி, 18-க்கு நன்றாகவே குறைவு. 1992 ஆகஸ்டில் ஐடஹோ மலையில் நடந்த முற்றுகையில் அவருடைய மனைவி, 14 வயது மகன், மார்ஷல் என்கிற மத்திய அரசுக் காவல் அதிகாரி ஒருவர் என மூன்று உயிர் போனது. அடுத்த வருடம் நடுவர் குழு அந்த ஷாட்கன் குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவித்தது. கால் அங்குலத்தைச் சேர்க்காமலே கதை போதுமான அளவு கொடுமை.

நவம்பர் 9

எச்1பி-யில் இருக்கும் தம்பிகள் இரண்டு பேர் கேட்டதால்: பேரல் நீளத்தை அப்புறம் பார்க்கலாம், உங்களுக்கு முதல் கேள்வியே வேறு. குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது பொதுவாகக் குற்றம், 922(ஜி)(5) என்ற பிரிவு. செல்லுபடியாகும் வேட்டை லைசன்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. சுடும் பயிற்சி இடமான ரேஞ்சில் வாடகைக்கு வாங்கிச் சுட்டு போட்டோ போடுவதும் "வைத்திருத்தல்"தான், அந்த போட்டோவே சாட்சி. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

நவம்பர் 12

முனையில் மாட்டுகிற சாமான்களில் எது எது என்று குழப்பிக்கொள்கிறார்கள். ஃபிளாஷ் ஹைடர் தீப்பிழம்பைச் சிதறடிக்கும், சுடுகிறவர் கண் கூசாது. மசில் பிரேக் வாயுவைப் பக்கவாட்டில் தள்ளும், உதைப்பு குறையும், பக்கத்து மேடைக்காரர் காதில் அறையும். போன மாதம் ஒரு பையன் அப்படி ஒன்றை என் இடப்பக்கம் வைத்துச் சுட்டான், ஒவ்வொரு வெடிக்கும் என் தொப்பியின் விளிம்பு ஆடியது, ஆறாவது குண்டில் நான் மூட்டை கட்டிவிட்டேன். காம்பன்சேட்டர் வாயுவை மேலே தள்ளி முனை எகிறாமல் பிடிக்கும். ஏ2 பறவைக்கூட்டில் அடிப்பக்கம் துளை இல்லாததற்கும் காரணம் உண்டு, படுத்துச் சுடும்போது புழுதி கிளம்பாது.

மத்திய சட்டத்துக்கு இந்த மூன்றில் எதுவும் இன்று பொருட்டில்லை. 1994 செப்டம்பர் முதல் 2004 செப்டம்பர் வரை இருந்த தடைச் சட்டத்தில் ஃபிளாஷ் சப்ரசரும் (ஹைடரின் இன்னொரு பெயர்) அதை மாட்டுவதற்கான திருகும் "இரண்டு அம்சம் சேர்ந்தால் தாக்குதல் ஆயுதம்" என்ற பட்டியலில் இருந்தன. அது காலாவதி ஆகிவிட்டது, மாநிலங்கள் பிடித்துக்கொண்டன. கலிஃபோர்னியாவில், கழற்றக்கூடிய மேகசின் உள்ள சென்டர்ஃபயர் (தோட்டாவின் அடி நடுவில் தட்டினால் வெடிப்பது) செமி ஆட்டோவில் (ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு) ஃபிளாஷ் ஹைடர் கூடாது, பிரேக் போடலாம். நியூயார்க்கில் 2013 சட்டப்படி பிரேக்கும் பட்டியலில் வந்துவிட்டது. ஒரே இரும்பு, கிழக்கே ஒரு பெயர், மேற்கே ஒரு பெயர்.

நவம்பர் 13

சைலன்சரை ஏன் விட்டாய் என்கிறார்கள். விடவில்லை, அது தனி ஜாதி. 1934-லிருந்து அதுவே என்.எஃப்.ஏ. பொருள், பேரல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் தனியாகப் பதிய வேண்டும். நமக்கு சைலன்சர் என்றாலே புல்லட் வண்டியில் கால் சுட்டுக்கொண்ட ஞாபகம்தான் வரும். வேடிக்கை என்னவென்றால் இரண்டும் உறவுதான். 1909-ல் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம் எஞ்சின் சத்தத்தை அடக்கும் மஃப்ளர்களும் செய்தார். சினிமாவில் வருகிற "புஸ்" எல்லாம் பொய். ஒலியைவிட வேகமாகப் போகிற குண்டு காற்றில் போடும் சாட்டையடியை எந்தக் குழாயும் அடக்காது.

நவம்பர் 15

டொராண்டோ அண்ணன் வந்து, எங்கள் ஊரில் உங்கள் 16 செல்லாது என்கிறார். உண்மை. கனடாவில் சென்டர்ஃபயர் செமி ஆட்டோவுக்குக் கோடு 470 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட பதினெட்டரை அங்குலம். ஏ.ஆர்-15 வகையையே 2020 மே 1 அன்று தடை செய்துவிட்டார்கள், அளக்கிற வேலையும் மிச்சம். அவர் சொன்னதில் எனக்குப் பிடித்தது: பம்ப் ஷாட்கன் தொழிற்சாலையிலிருந்தே குட்டையாக வந்தால் பெரிய பிரச்சினை இல்லை, நீளமானதை வாங்கி நாமே 457 மில்லிமீட்டருக்குக் கீழே அறுத்தால் தடை செய்யப்பட்ட ஆயுதம். அங்கே நீளத்தோடு அறுத்த கையும் கணக்கில் வருகிறது.

இந்தியாவிலும் 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, லைசன்ஸ் இல்லாமல் பேரலைக் குட்டையாக்கக் கூடாது என்கிறது. ஊரில் ஒற்றைக்குழல் வைத்திருக்கும் சித்தப்பாமார்களுக்குச் சொல்லிவையுங்கள்.

நவம்பர் 20

தோளில் வைக்கும் கட்டை மடிப்பதாக இருந்தால், மொத்த நீளம் 26 என்பதை மடித்து அளக்க வேண்டும் என்று ஒரு பதிலில் சொல்லியிருந்தேன். தப்பு. மத்திய அரசுக்குக் கட்டையை விரித்து அளக்க வேண்டும். கலிஃபோர்னியாதான் எவ்வளவு சுருக்கினால் இன்னும் சுட முடியுமோ அந்த நிலையில் அளக்கிறது, அங்கே செமி ஆட்டோ சென்டர்ஃபயருக்கு 30 அங்குலம். இரண்டையும் கலந்து அடித்துவிட்டேன். நிரந்தரமாக வைக்காத முனை சாமான் மொத்த நீளத்திலும் சேராது.

நவம்பர் 24

கேள்வி கேட்ட டல்லாஸ் தம்பி திருப்பிக் கேட்டிருக்கிறார்: "அண்ணா, உங்களுடையதில் வெல்டிங் இருக்கிறதா? நீங்கள் பார்த்தீர்களா?"

பார்த்தேன் என்று எழுத வந்தேன். யோசித்தால், பார்க்கவில்லை. விற்றவர் சொன்னார், நான் குச்சி விட்டு அளந்தேன், 16 வந்தது, முடித்துக்கொண்டேன். அளவு நிரந்தரமா என்று குச்சி சொல்லாது. இப்போதுதான் விளக்கைப் பிடித்துப் பார்த்தேன். அடிப்பக்கம் பொட்டு வைத்த மாதிரி ஒரு வட்டம், அதன்மேல் கறுப்புப் பெயின்ட். வெல்டிங்தான், வேறென்ன.

நவம்பர் 29

வெல்டிங் இல்லை.

டிசம்பர் 1

சொல்லாமல் போனதற்குக் கோபித்துக்கொண்டவர்களுக்கு: சனிக்கிழமை காலை கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி ரிப்பேர் செய்பவரிடம், எடுத்துப் போனேன். எழுபது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சின்னச் சுரண்டியால் அந்தப் பொட்டை ஒரு இழு இழுத்தார். கறுப்பு உரிந்தது, அடியில் சாம்பல் நிறத்தில் ஏதோ நொறுங்கி வந்தது. உலோகப்பொடி கலந்த எபாக்ஸி பசை. அதற்கடியில் துளை இருந்தது, துளையில் பின் இல்லை. யாரோ பாதி வேலை செய்துவிட்டு மூடியிருக்கிறார்கள். அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "இதை இப்படியே வெளியே எடுத்துப் போகாதே."

அப்படியானால் மூன்று வருடமாக என் அலமாரியில் இருந்தது பதியாத குட்டை ரைஃபிள். கால் நடுங்கியதை மறைக்கவில்லை. பேரல் இருக்கிற மேல்பாதியைக் கழற்றி அவரிடமே விட்டுவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வழியில் நெடுஞ்சாலையில் ஒரு போலீஸ் வண்டி பின்னால் வந்தது, இரண்டு மைல் வரை நான் மூச்சு விடவில்லை. அவர் வேறு வழியில் திரும்பிவிட்டார்.

டிசம்பர் 2

வக்கீல் நண்பர் ஒருவரிடம் பேசினேன். 1994-ல் ஸ்டேபிள்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது நம் பக்கம் கொஞ்சம் சாய்கிறது. அதுவும் ஏ.ஆர்-15 வழக்குதான், உள்ளே ராணுவ எம்16-இன் பாகங்கள் இருந்தன, தானாகத் தொடர்ந்து சுடும் என்று எனக்குத் தெரியாது என்றார் குற்றம் சாட்டப்பட்ட ஸ்டேபிள்ஸ். சட்டத்துக்குள் இழுக்கிற அந்தத் தன்மை அவருக்குத் தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். "அதனால் நவம்பர் 29 காலை பத்து மணி வரை நீ நல்லவன்" என்றார் நண்பர், "பத்தே காலுக்கு உனக்குத் தெரியும்." சிரிக்கத்தான் செய்தேன், சத்தம் வரவில்லை.

விற்றவரைத் திட்டச் சொல்கிறார்கள். அவருக்கும் யாரோ சொல்லித்தான் விற்றிருப்பார் என்று ஒரு நாள் தோன்றுகிறது, பெயின்ட் அடித்த கை அவருடையதுதான் என்று மறுநாள் தோன்றுகிறது. போன் எண் இப்போது வேறு யாருடையதோ.

டிசம்பர் 6

பத்தரை அங்குல மேல்பாதி ஒன்றைத் தள்ளுபடியில் வாங்கி, வீட்டில் ரைஃபிளுக்குப் பக்கத்தில் பெட்டியோடு வைத்திருக்கிறேன், மாட்டவில்லை, குற்றமா என்று கேட்டவருக்கு. 1992-ல் தாம்சன் சென்டர் வழக்கு பாருங்கள். பிஸ்டலோடு கட்டையும் 21 அங்குல பேரலும் சேர்ந்த பெட்டி அது. சரியாக மாட்டினால் நீள ரைஃபிள், தப்பாக மாட்டினால் குட்டை ரைஃபிள். சட்டப்படி மாட்டவும் வழி இருக்கிறதே என்று 5-4 கணக்கில் கம்பெனி ஜெயித்தது. உங்கள் வீட்டிலும் அந்தப் பாகத்துக்குச் சட்டப்படி ஒரு வேலை இருக்க வேண்டும், உதாரணமாக ஒரு ஏ.ஆர். பிஸ்டல். இருப்பது ஒரே ஒரு ரைஃபிள் என்றால், அந்தப் பெட்டிக்கு நீங்கள் சொல்லப்போகும் விளக்கம் என்ன? திருப்பி அனுப்புங்கள்.

ரைஃபிளாகப் பிறந்ததைப் பிஸ்டல் ஆக்கவும் முடியாது, பிஸ்டலாகப் பிறந்தது ரைஃபிளாகிவிட்டுத் திரும்பி வரலாம். 2011-ல் ஏ.டி.எஃப். கொடுத்த விளக்கம் இது.

ஜனவரி 3, 2026

வரி பூஜ்யம் ஆகிவிட்டதே, இனி எதற்கு வெல்டிங் என்று வரிசையாகக் கேட்கிறீர்கள். போன ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டப்படி ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிள், குட்டை ஷாட்கன், சைலன்சருக்கு வரி 200-லிருந்து பூஜ்யம். மெஷின் கன்னுக்கும் வெடிகுண்டு மாதிரி நாசக் கருவிகளுக்கும் மட்டும் பழைய 200 அப்படியே. ஆனால் வரிதான் போனது, பதிவு போகவில்லை. கைரேகை, போட்டோ, ஃபார்ம் 1 என்ற விண்ணப்பம், துப்பாக்கியில் உங்கள் பெயரையும் ஊரையும் பொறிப்பது எல்லாம் அப்படியே. அனுமதி வந்த பிறகுதான் குட்டையாக்கலாம், ஆக்கிவிட்டு விண்ணப்பிக்க முடியாது. வரியே இல்லாதபோது வரிச் சட்டம் என்று எப்படிச் சொல்வது என்று வழக்கும் போட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 11

நீ ஃபார்ம் 1 போட்டாயா என்று கேட்டவர்களுக்கு: போடவில்லை. அக்கா அரிசோனாவில் இருக்கிறாள், வருடத்துக்கு இரண்டு தடவை காரில் போகிறோம், பாலைவனத்தில் அத்தானோடு சுடுவது உண்டு. குட்டை ரைஃபிளை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோக முன் அனுமதி வாங்க வேண்டும், 5320.20 என்று ஒரு தாள். சைலன்சருக்கு அந்தத் தாள் வேண்டாம், முன்பு ஒருவரிடம் இரண்டுக்கும் வேண்டும் என்று சொல்லிவிட்டேன், திருத்திக்கொள்ளுங்கள். எனக்கு ஒன்றரை அங்குலத்துக்காக அந்த அலைச்சல் வேண்டாம்.

கன்ஸ்மித் நேற்று கூப்பிட்டார். புது முனை, பின், வெல்டிங் எல்லாம் முடிந்தது, 16.1 அங்குலம், 85 டாலர். பொட்டுக்குப் பெயின்ட் அடிக்கட்டுமா என்று கேட்டார், வேண்டாம் என்றேன். பில்லில் என்ன வேலை என்று முழுசாக எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். டல்லாஸ் தம்பி, உங்களுடையவர் கடைசியில் என்ன சொன்னார்?